பதினோராம் அறையின் எண்ணெய்

இதை நான் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னவர் ஜெபக்கனி. மேலவாசல் ஹோட்டலில் தங்க வருகிறவர்களுக்கு ஏழு வருஷம் எண்ணெய் தேய்த்துவிட்ட பெண்மணி. சாப்பாட்டு இடைவேளைகளில் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தம்பியின் வயது மட்டும் மாறியது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அதனால் வயதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

மாணிக்கங்கோட்டைக்குள் நாலு தெரு. சுற்றிலும் சுவர், சுவரைச் சுற்றி வறண்ட அகழி, நடுவில் பாதி இடிந்த அரண்மனை. வெளியூர்க்காரர்கள் காலையில் வந்து படம் எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் கிளம்பிவிடுவார்கள், ஏனென்றால் ஊருக்குள் கால் நீட்டிப் படுக்க ஒரு லாட்ஜ்கூடக் கிடையாது. மேல வாசலுக்கு வெளியே கருவேலங்காடாய்க் கிடந்த இடத்தில் அந்தப் பெரிய ஹோட்டல் வந்தபிறகுதான் தங்குகிறவர்கள் என்று ஒரு இனத்தை ஊர் பார்த்தது. பலகையில் எழுதியிருந்த பெயரை யாரும் சொன்னதில்லை, மேலவாசல் ஹோட்டல் என்பதோடு சரி. வந்தவர்கள் கோட்டையைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அரண்மனையை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு மிச்ச நாளெல்லாம் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு எண்ணெய் மேசையில் குப்புறக் கிடந்தார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்குக் கால் லிட்டர் எண்ணெய் ஆகும். செக்கில் ஆட்டின நல்லெண்ணெயில் மூலிகை போட்டு மூன்று நாள் காய்ச்சி வடித்தது. தேய்க்கத் தேய்க்க அது உடம்பிலிருந்து வழிந்து, மேசையின் ஓரத்து வாய்க்கால் வழியாக இறங்கி, கீழே வைத்திருக்கும் பாத்திரத்தில் சேரும். ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது, பின்பக்கக் குழியில் கொட்டிவிட வேண்டும் என்பது ஹோட்டலின் சட்டம். சட்டம் போட்டவர்களுக்கு எண்ணெயைக் கொட்டிப் பழக்கம் இருந்திருக்கும். கொட்டச் சொல்லப்பட்ட பெண்களுக்கு இல்லை. அவர்கள் அரை லிட்டர் பாமாயில் பாக்கெட்டை வெட்டிக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை கிண்ணத்தில் சாய்த்து வைக்கிறவர்கள். வாசம் தெருமுனைவரை வீசுகிற எண்ணெயை மண்ணில் ஊற்று என்றால் ஊற்றக் கை எப்படி வரும். தண்ணீர்ப் பாட்டிலில் பிடித்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை பெண்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள், சனிக்கிழமை ஆண்கள்.

முதலில் தெரியவந்தது கிழக்குத் தெரு வெள்ளத்தாய்க்கு. மதுரையைத் தாண்டி எங்கும் போகாதவள். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து ஊற உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காது அடைத்துவிட்டது, கால் வீங்கிவிட்டது. பத்தொன்பது மணி நேரம் மூன்று விமானம் மாறி வந்த ஒருவரின் களைப்பு அது. கோயம்புத்தூரில் ஒரு மில்லின் பங்குக்காக அண்ணன்மேல் போட்ட வழக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த வழக்கை நினைத்து அவள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. பார்க்க வந்தவர்கள் இது எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை, வழக்கு யார் பக்கம் போகும் என்று கேட்டார்கள். வாய்தாமேல் வாய்தாவாத்தான் போகுது, அண்ணன்காரன் லேசுப்பட்டவன் இல்லை என்று வெள்ளத்தாய் படுத்தபடியே சொன்னாள்.

பயந்துபோய் இரண்டு வாரம் எண்ணெயைக் குழியில் கொட்டினார்கள். அந்த இரண்டு வாரமும் ஹோட்டலுக்கு வந்தவர்கள் வந்த களைப்போடேயே திரும்பிப் போனார்கள். இங்கே ஒரு தலையில் ஏறினால்தான் அங்கே ஒரு தோளிலிருந்து இறங்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. வந்தவர்கள் திட்டி எழுதினார்கள், அறைகள் காலியாயின, பதினோரு பெண்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது. அம்மன் கோயில் மண்டபத்தில் நாலு தெருவும் கூடியது. பத்து நாள் திருவிழாவுக்கு எந்தத் தெருவுக்கு எந்த நாள் மண்டகப்படி என்று எழுதி வைத்திருக்கும் பரமானந்தம் அதே நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, எந்த வீட்டுக்கு எந்த வாரம் எண்ணெய் என்று எழுதினார். சாமிக்குச் செய்வதுபோல முறை வைத்துச் செய்தால் ஒருத்தர் மேலேயே பாரம் விழாது என்று எல்லாருக்கும் பட்டது.

ஹோட்டல் மேலாளர் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசினதில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து தண்ணீர்ப் பாட்டில் போய்க் கண்ணாடிச் சீசா வந்தது, தக்கை மூடியோடு, அறை எண்ணும் தேதியும் எழுதின தாள் ஒட்டி. அந்தச் சீசாவைப் பார்த்தபிறகு முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் அடங்கிவிட்டார்கள். நம்மை ஒரு பொருட்டாக நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்றார்கள்.

ஒரு வருஷத்தில் ஊர் இதில் தேறிவிட்டது. சென்னைக் கம்ப்யூட்டர்க்காரர்களின் களைப்பு கழுத்தில் இறங்கும், எத்தனை ஒத்தடம் கொடுத்தாலும் போகாது. டாக்டர்களுடையது குதிகாலில். வெளிநாட்டுக்காரர்களுடையது லேசு, அதில் சொந்தக்காரர்கள் யாரும் இருக்கமாட்டார்கள், சுமந்துகொண்டே வயல் வேலைக்குப் போகலாம். ஒரு நடிகை வந்து தங்கிப் போனபோது அவள் சீசாவுக்கு மூன்று தெரு அடித்துக்கொண்டது. கிடைத்த வீட்டில் நாலு பேருக்கும் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததைத் தவிர வேறொன்றும் இல்லை, ஏமாந்துபோனார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் லீவ் லெட்டரில் வீட்டில் எண்ணெய் முறை என்று எழுதினால் வாத்தியார் கையெழுத்துப் போட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் கை வலி என்று போகிறவளிடம் சொந்த வலியா ஹோட்டல் வலியா என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரை எடுத்தாள்.

இரண்டு வழக்கங்களும் உண்டாயின. ஒரு சீசாவை வீட்டில் மூன்று தலைக்குக் குறையாமல் பங்குபோட வேண்டும். அடியில் ஒரு கரண்டி எண்ணெயை மிச்சம் விட்டு, தக்கையை அடைத்து, சீசாவைப் பரணில் போட்டுவிட வேண்டும். எந்தத் தலையிலும் ஏறாதவரை அந்தக் கரண்டி உடையவருடையதுதான். அது அவரிடமே இருக்கட்டும் என்பது ஏற்பாடு. இந்த இரண்டாவது வழக்கம் புனேயிலிருந்து வந்த ஒரு அம்மாளால் வந்தது. அவள் தங்கியிருக்கும்போதே அவள் சீசாவை வடக்குத் தெருவில் ஒரு வீட்டில் ஒரு சொட்டு விடாமல் வழித்துத் தேய்த்துவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் அவள் ரிசப்ஷன் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த தன் மகளை விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். முகத்தில் பதற்றம் இல்லை. மறந்துவிட்ட குடையை எடுக்க வந்தவள்போல வந்தாள்.

சீனியம்மாள் தெற்குத் தெருக்காரி. ஹோட்டலின் பின்பக்கம் துண்டுகளையும் விரிப்புகளையும் துவைத்துத் தேய்த்து அடுக்குகிற இடத்தில் வேலை. தாய் செத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பி தவசிமுத்து சின்னப் பையன். அரிசி மில்லில் உமி தள்ளி அவனைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள், இன்ஜினியரிங் காலேஜ் அனுப்பினாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்தபோது கேட்க யாரும் வரவில்லை. தவசிமுத்து பெங்களூரில் ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் பெரிய வேலையில் இருந்தான், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் போன் வந்துவிடும். சாப்பிட்டியாக்கா, உடம்பு எப்படி இருக்கு, மழை பேஞ்சுச்சா, சரிக்கா வச்சிடுறேன். அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்காக அவள் ஒன்பதரைக்கே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். கேட்கிறவர்களிடம், வாராவாரம் என் தம்பி பேசிருவான் என்று சொல்ல அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை எண்ணெய் அறையில் துணைக்கு நிற்கும் பெண் வரவில்லை. சூடான துண்டுகளை எடுத்துக்கொண்டு சீனியம்மாளை உள்ளே போகச் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முன்பக்கம் அவள் போனது அன்றைக்குத்தான். அறையில் இரண்டு மேசை. ஒன்றில் ஒரு பெண், இன்னொன்றில் ஒரு ஆண், இருவரும் குப்புற. முகத்தைத் தொங்கவிட மேசையில் வட்டமாக ஒரு ஓட்டை உண்டு, அதற்குள் முகம் போய்விட்டால் மேலே இருப்பது வெறும் முதுகுதான். அந்த முதுகில் வலது தோள்பட்டைக்குக் கீழே பிறை போல ஒரு தழும்பு இருந்தது. ஏழாம் வகுப்பில் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஓடின நாளின் தழும்பு.

துண்டுகளை அவன் தலைமாட்டில்தான் வைக்க வேண்டும். வைத்தாள். தங்க வந்தவர்களிடம் வேலைக்காரர்கள் தாமாகப் பேசக் கூடாது என்பது சட்டம். பக்கத்து மேசையில் கிடந்தவள் அவன் பெண்டாட்டியாக இருக்க வேண்டும். எண்ணெயில் கிடக்கிறவனை என்னவென்று கூப்பிடுவது. ஓட்டைக்கு நேர் கீழே அவள் இரண்டு பாதங்களும் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு வெளியே வந்துவிட்டாள். வராந்தாவில் ஜெபக்கனியின் கையைப் பிடித்து, அவன் என் தம்பி என்றாள், சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்தப் போகிறான், நீ தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளாதே என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். செவ்வாய்க்கிழமை அதைச் சூடு பண்ணினாள். புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டு வேறு கோழி வாங்கினாள். புதன்கிழமைதான் ஹோட்டல் வழிகாட்டி குடை பிடித்து ஆறு பேரை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிவந்தான். அவர்களில் தவசிமுத்துவும் இருந்தான். வடக்குத் தெருவைப் பார்த்தார்கள், அரண்மனை மாடியில் ஏறினார்கள். அவன் பெண்டாட்டி தெற்கே கையைக் காட்டி அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். வழிகாட்டி வாயைத் திறப்பதற்குள் தவசிமுத்து, வீடுங்கதான், பாக்க ஒண்ணும் இல்ல என்றான். வழிகாட்டி வெளியூர்க்காரன், இவருக்கு எப்படித் தெரியும் என்று அவனுக்கு ஆச்சரியம். அதனாலேயே வந்து ஜெபக்கனியிடம் சொன்னான். ஜெபக்கனி சீனியம்மாளிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பதினோராம் அறை காலியானது. கார் மேல வாசலைப் பார்க்கத் திரும்பாமல் நேராக ரோட்டைப் பிடித்தது. தங்கின நாளெல்லாம் அவன் உடம்பிலிருந்து வழிந்த எண்ணெய் ஒரே சீசாவில் சேர்ந்திருந்தது, அந்த வார முறை வெள்ளத்தாய் வீட்டுக்கு.

சீனியம்மாள் அழவில்லை, நேராகக் கிழக்குத் தெருவுக்குப் போனாள். வெள்ளத்தாய் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"மதினி, அந்தப் பதினொண்ணாம் நம்பர் சீசாவ எனக்குக் குடுத்துருங்க. உங்க முறை இனி மூணு வந்தாலும் நான் பாத்துக்கிறேன்."

"உன் தம்பியாம்ல. சோறு திங்க வரல, வாசல்ல எட்டிக்கூடப் பாக்கல. அவன் வலிய மட்டும் உனக்குப் பார்சல் கட்டிக் குடுக்கணுமாக்கும்."

"பிள்ள எதையோ சுமந்துக்கிட்டுத் திரியிறான் மதினி. அதான் வரல. அது என்னன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. கண்டவுக தலையில ஏற வேணாம்."

"கண்டவுகளா. ஆறு வருசமா நல்லது கெட்டதுக்கு உன்கூட நான் நின்னதுக்கு நல்ல பேருதான்" என்று வெள்ளத்தாய் கீரையை உதறினாள். ஆனாலும் உள்ளே போய்ச் சீசாவை எடுத்துவந்தாள். கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். பரமானந்தத்தைக் கேட்காமல் முறை மாற்றக் கூடாது.

பரமானந்தம் நோட்டைப் பார்த்தார். சொந்த ரத்தத்தின் சீசாவைச் சொந்தக்காரர் எடுக்கலாமா என்று அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. மேலவாசல் ஹோட்டலில் போய்த் தங்குகிற சொந்தக்காரர் அதுவரை அந்த நாலு தெருவில் யாருக்கும் இருந்ததில்லை, அதனால் அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கவில்லை. நேர்ந்துகொண்டவர்களுக்கு மண்டகப்படி நாளை விட்டுக்கொடுப்பது உண்டு என்பதால் விட்டுக்கொடுக்கலாம் என்றார். ஆனால் வீட்டில் மூன்று தலை வேண்டுமே என்றார். சீனியம்மாள் வீட்டில் ஒரு தலைதான். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பரமானந்தமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சரி போ என்றார்.

வழியில் ஜெபக்கனி அவளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கரண்டி மட்டும் மறக்காமல் விட்டுவிடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அந்தப் புனே அம்மாளை ஞாபகப்படுத்தினார்.

"என் பிள்ள பாரத்துல அவனுக்கு எதுக்குத்தா மிச்சம்" என்றாள் சீனியம்மாள்.

வெள்ளிக்கிழமை காலை கொல்லையில் வெந்நீர் போட்டு, சீயக்காய் கரைத்து வைத்து, மணைப்பலகையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். முதல் கையில் கழுத்தும் கண்ணும் வந்தன, அது எல்லாப் பெங்களூர்க்காரர்களுக்கும் உள்ளது. அடுத்த கையில் கண்ணாடி அறைகள் வந்தன. மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகு அரை நொடி பிந்திச் சிரிக்கிற சிரிப்பு வந்தது. வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு இங்கிலீஷ் வாக்கியத்தையும் உள்ளுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்க்கிற களைப்பும், மாமனார் வீட்டு விருந்தில் உங்கள் வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்கப்போகிறார்களோ என்று சாப்பிட்டு முடியும்வரை விடாத பயமும் வந்தன. ஐயோ பிள்ளை, ஐயோ பிள்ளை என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். இவ்வளவுதானா, இதை நான் சுமக்கமாட்டேனா என்று தேய்த்தாள்.

பாதிச் சீசாவுக்குமேல் எண்ணெய் கெட்டியானது. அதில் உமி தூசி படிந்த இரண்டு கைகள் வந்தன. காலேஜ் ஹாஸ்டல் கேட்டில் முறுக்கு டப்பாவோடு வெயிலில் நிற்கிற ஒருத்தி வந்தாள், அவளை நண்பர்கள் பார்த்துவிடுவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்கிற பதைப்பும், அனுப்பினபின் வந்த அழுகையும் வந்தன. அவள் கட்டிக்கொள்ளாத தாலியும் பெறாத பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வந்தன. அவள் கொடுத்தபோது சோறாகவும் புத்தகமாகவும் இருந்ததெல்லாம் அவன் தோளில் கல்லாக ஏறியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கி ஞாயிறு பத்து மணிவரை அவனுக்கு நெஞ்சு இறுகிக்கொண்டே போகும் என்பதும், போனை வைத்ததும்தான் மூச்சு வரும் என்பதும் அவளுக்கு அப்போது தெரிந்தது. அவன் சுமந்துகொண்டு திரிந்தது அவளைத்தான். அவளை ஒரு நாலு நாளாவது இறக்கி வைக்கத்தான் அவன் அந்த ஹோட்டலுக்கு வந்திருந்தான். வேறு ஊரில் வேறு ஹோட்டல் இருக்கும்போது அவள் மூச்சுப் படுகிற தூரத்தில் வந்து எதற்குப் படுத்தான் என்பது மட்டும் எண்ணெயில் இல்லை. அது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

அடியில் ஒரு கரண்டி இருந்தது. சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவளிடம் கோபம் இருந்தால் நிறுத்தியிருப்பாள் என்று ஜெபக்கனி சொன்னார். அவளிடம் அது இல்லை. என்னால் அவன் பட்டது போதும், இதையும் எடுத்துவிடுகிறேன் என்று விரலை விட்டு வழித்து உச்சியில் வைத்தாள். அந்தக் கடைசிக் கரண்டியில் மேசை ஓட்டையின் கீழே நின்ற இரண்டு பாதங்கள் இருந்தன. பாதங்களைப் பார்த்தே அவன் அவளை அடையாளம் கண்டிருந்தான். அக்கா என்று ஒரு சொல் தொண்டைவரை வந்து நின்றுவிட்டிருந்தது. சீயக்காய் போட்டுக் குளித்து எழுந்தபோது அந்தச் சொல் சீனியம்மாளின் தொண்டையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் யாரைக் கூப்பிடுவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவளே போட்டாள்.

"சொல்லுங்க" என்றான் தவசிமுத்து.

"நான்தான்ப்பா, அக்கா."

"ஆங், தெரியுது, சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். நீ எப்படிப்பா இருக்க?"

"ரொம்ப நல்லா இருக்கேங்க. ஏதாவது வேணுமா?"

குரலில் கோபமோ ஒளிவோ கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுகிற நல்ல மனுஷனின் குரல். தம்பி அவளை நீ என்றும் வா என்றும்தான் பேசத் தெரிந்த நாளிலிருந்து பேசியிருக்கிறான். ஒண்ணும் வேணாம்ப்பா என்று அவள் வைத்துவிட்டாள். அவன் எதையும் மறந்துவிடவில்லை. சீனியம்மாள் என்று ஒரு அக்கா இருப்பதும், அவள் வளர்த்ததும் அவனுக்குத் தெரியும். பரீட்சையில் படித்த பாடம்போலத் தெரியும். பாரமாக இருந்ததுதான் அவனை வாரத்துக்கு ஒருநாள் அவள் பக்கம் சாய வைத்திருக்கிறது. அதை அவள் ஒரு காலை நேரத்தில் வழித்து எடுத்துவிட்டாள்.

அவளுக்கு வந்த வினை வேறு மாதிரி. வேலை முடிந்து தெற்குத் தெரு முனைவரை வருவாள், அதற்குமேல் கால் போகாது. தன் வீட்டைப் பார்த்தால் நெஞ்சு இறுகும். உள்ளே ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள், அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்றிருக்கும். கண்ணாடி பார்க்க முடியவில்லை. திரும்பி வடக்குத் தெருவைச் சுற்றுவாள், அரண்மனை வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஊர் இதையும் அதன் போக்கில் எடுத்துக்கொண்டது. சாயங்காலம் அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்து வீட்டுக்குள் விட தெற்குத் தெரு வீடுகள் ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்துக்கொண்டன. பரமானந்தம் நோட்டில் சொந்தக்காரர் சீசா சொந்தக்காரருக்கு இல்லை என்று ஒரு வரி சேர்த்தார். வெள்ளத்தாய், சீனி தனக்காக ஏற்க வேண்டிய மூன்று முறையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் சும்மா இருக்கவில்லை, பெரிய தியாகி, இப்ப தன் வீட்டுக்கே விருந்தாளியாயிட்டா பாரு என்று தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் தன் தெருவின் முறை இல்லாதபோதும் வந்து அவளைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டாள்.

அடுத்த வருஷமும் தை மாதம் தவசிமுத்து வந்தான், அதே பதினோராம் அறைக்கு. அவன் பெயரில் அறை பதிவாகியிருப்பதை இரண்டு மாதம் முன்பே ஜெபக்கனி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எட்டு வெள்ளிக்கிழமை சீனியம்மாள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காய் போடுவதற்குமுன் அதைத் துணியால் ஒற்றிப் பிழிந்து, அரைச் சீசா சேர்த்து வைத்திருந்தாள். தங்க வருகிறவர்களிடமிருந்து இங்கே இறக்குவதுபோல இங்கேயிருந்து அவனுக்கு ஏற்ற முடியாதா என்று ஜெபக்கனியிடம் கேட்டாள். எல்லாம் வேண்டாம், ஒரு கரண்டி ஏறினால் போதும், வாரத்துக்கு ஒரு போன் போடுகிற அளவுக்கு. செய்யக் கூடாதது என்று ஜெபக்கனிக்குத் தெரியும். வேலை போய்விடும் என்றும் தெரியும். இருந்தும் வாங்கிக்கொண்டார், காய்ச்சின எண்ணெயில் கலந்து சூடு பண்ணினார், முதல் கையை எடுத்து அந்தப் பிறைத் தழும்பின்மேல் வைத்தார்.

ஓட்டைக்குள்ளிருந்து தவசிமுத்துவின் குரல் வந்தது. மரியாதையான குரல்தான்.

"இந்த எண்ணெய் கொஞ்சம் கனமா இருக்குங்க. வேற மாத்திருங்களேன்."

தங்க வந்தவர் கேட்டால் மறுகேள்வி இல்லாமல் மாற்ற வேண்டும். ஜெபக்கனி வெந்நீர்த் துண்டால் முதுகைத் துடைத்தார், வேறு எண்ணெய் எடுத்தார். மிஞ்சினதைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சீனியம்மாளிடம் கொடுத்தார். என்ன சொன்னான் என்று அவள் கேட்டாள். கனமா இருக்குன்னாரு என்றார். கனமாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவள் துண்டுகளை அடுக்கத் தொடங்கினாள். அந்த எண்ணெயை என்ன செய்தாள் என்று ஜெபக்கனி கேட்கவில்லை.

ஜெபக்கனி சொன்னது இவ்வளவுதான். அந்த ஹோட்டலின் பழைய காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை எனக்கு நாலு மாதம் கிடைத்திருந்தது. எண்ணெய் அறைக்குப் போகுமுன் தங்க வருகிறவர்கள் தாங்களே நிரப்பித் தருகிற படிவங்களும் அதில் உண்டு. மற்றவர்களின் காகிதத்தை வேலைக்கு வேண்டியதற்குமேல் படிப்பது தவறு என்று தெரிந்தும் பதினோராம் அறையின் படிவங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவசரம் என்றால் உடன் தங்காத யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு இடம் இருக்கிறது. முதல் வருஷப் படிவத்தில், எண்ணெய் தேய்ப்பதற்கு முன்பு, அந்த இடத்தில் சீனியம்மாள், அக்கா, தெற்குத் தெரு என்று தமிழில் எழுதி, அவள் போன் நம்பரையும் தவசிமுத்து எழுதியிருக்கிறான். மற்ற எல்லாம் இங்கிலீஷில் இருக்கின்றன. அடுத்த வருஷப் படிவத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறது. பேனாவை அழுத்தாமல் போட்டிருப்பதால் ஸ்கேன் செய்தபோது அது விழவில்லை.